பால்கனி வைத்த குளியலறை

போன வருஷம் பெரிய வியாழக்கிழமை மாலை, சரியாக ஐந்தே முக்கால் மணிக்கு, நான் ஒரு சபதம் எடுத்தேன். அடுத்த வருஷம் இதே நாள், இதே நேரம், என் சொந்த வீட்டுப் பால்கனியில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, நான் ஒருவனாக நின்று மாதாவின் சப்பரத்தைப் பார்ப்பேன். பார்க்காவிட்டால் என் பெயர் எவாரிஸ்தோ இல்லை.

சபதம் எடுத்தபோது நான் நின்ற இடத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதே பால்கனிக்கு ஐந்து வரிசை பின்னால். ஒரு பக்கம் துணி அலமாரி. இன்னொரு பக்கம் என் மனைவியின் சித்தி எங்கார்னா. இரண்டில் அலமாரிதான் கொஞ்சம் நகர்ந்து கொடுத்தது.

எங்கள் வீடு செவீயாவின் பழைய நகரத்துக்குள், மூன்றுகிணற்றுச் சந்தில் இருக்கிறது. பெரியப்பா எனக்கு எழுதிவைத்துவிட்டுப் போனது. இருநூறு வருஷக் கட்டடம். நடுவில் முற்றம், முற்றத்தில் நாலு பளிங்குத் தூண், ஒரு கிணறு, சுவரெல்லாம் பூ ஓடு. சந்தின் அகலம் எவ்வளவு என்றால், எதிர்வீட்டுக்காரர் காபிக்கு எத்தனை கரண்டி சர்க்கரை போடுகிறார் என்று என் கட்டிலில் படுத்தபடியே எண்ணலாம். அந்தச் சந்துக்குள்தான் வருஷத்துக்கு ஒருமுறை எங்கள் பங்குக் கோயில் மாதாவின் சப்பரம் வரும். நாற்பது பேர் அடியில் நுழைந்து பிடரியில் தாங்கி வருவார்கள். பால்கனியில் நிற்பவர் கொஞ்சம் பலமாகத் தும்மினால் மாதாவுக்கு முன்னால் எரியும் மெழுகுவர்த்தி அணைந்துவிடும்.

எங்கள் வீட்டுக்கு ஒரு தனி மரியாதையும் உண்டு. அந்தக் காலத்தில் கோயில் கூரை இடிந்து விழுந்தபோது, பெரியப்பா மாதாவை மூன்று மாதம் எங்கள் முற்றத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டார். அந்த நன்றிக்கு, பவனியை நடத்தும் சகோதர சபைக்காரர்கள் சப்பரத்தை எங்கள் பால்கனிக்கு முன்னால் நிறுத்துவார்கள். மாதாவின் முகம் எங்கள் வீட்டைப் பார்க்கும்படி முழுசாகத் திருப்புவார்கள். மூன்று முறை தூக்கிக் காட்டுவார்கள். அறுபது வருஷமாக நடக்கிறது. மேலிருந்து நாங்கள் ரோஜா இதழ் கொட்டுவோம். நாங்கள் என்றால் என் மனைவி வீட்டார். நான் கூடையை நீட்டுவேன்.

அவர்கள் மொத்தம் இருபத்தாறு பேர். குருத்தோலை ஞாயிறன்று வருவார்கள், உயிர்த்த ஞாயிறன்று போவார்கள். நடுவில் உள்ள நாட்களில் கருவாட்டுக் குழம்பும் கொண்டைக்கடலையும் தேனில் ஊறிய ரொட்டி வறுவலும் அண்டா அண்டாவாகத் தீரும். படைக்குத் தலைவர் என் மூத்த மச்சான் ஃபெர்மின். சகோதர சபையின் நிர்வாகக் குழுவில் இருக்கிறார். எங்கே போனாலும் முதல் வரிசைதான். பதினோரு வருஷமாக நான் பார்த்த மாதா, அவருடைய வழுக்கைத் தலைதான். அதில் இடது பக்கம் ஒரு மச்சம் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு வரையச் சொன்னால் வரைவேன்.

ஒரு தடவை துணிந்து கேட்டும் விட்டேன். “மச்சான், கொஞ்சம் தள்ளி நின்னீங்கன்னா நானும் ஒரு கண்ணால பாத்துக்குவேன்.”

“உங்களுக்கென்ன மாப்பிள்ளை! வீடே உங்க வீடு. எப்ப வேணா பாக்கலாம். நாங்க எவ்வளவு தூரத்துலேர்ந்து வர்றோம்!”

அவர் வீடு மூன்று தெரு தள்ளி.

சபதம் எடுத்தாயிற்று. வழி? என் மனைவி ரெமேதியோஸ் வீட்டாரை வராதே என்று சொல்ல முடியாது. சொல்லலாம், ஆனால் அப்புறம் நானும் வேறு வீடு பார்க்க வேண்டிவரும். மூன்று வாரம் யோசித்தேன். ஒருநாள் காலை, மாடிப்படிக்கு அடியில் இருந்த எங்கள் பழைய குளியலறைக்குள், தலையைக் குனிந்து, முட்டியை மடக்கி உட்கார்ந்திருந்தபோது உதித்தது. ஒரு மனிதன் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டால், ஏன், எதற்கு, எவ்வளவு நேரம் என்று உலகத்தில் யாரும் கேட்காத அறை ஒன்றே ஒன்றுதான். அந்த அறைக்குப் பால்கனி வைத்துவிட்டால்?

சந்தோஷத்தில் சட்டென்று நிமிர்ந்துவிட்டேன். மண்டை வீங்க இரண்டு நாளாயிற்று.

நேரே சமையலறைக்குப் போனேன். அது வீட்டின் பின்கோடியில், பட்டப்பகலிலும் விளக்குப் போட வேண்டிய இருட்டு மூலையில் இருந்தது.

“ரெமே, வீட்டைப் புதுப்பிச்சுடலாம்னு இருக்கேன்.”

“யாரு வீட்டை?”

“நம்ம வீட்டைத்தான்.”

அவள் கரண்டியை வைத்துவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். “சுரம் இல்லையே! எட்டு வருஷமா நான் கெஞ்சறேன். பொண்ணுங்க ரெண்டும் ஒரே கட்டில்ல உதைச்சுக்கிட்டுத் தூங்குது, இந்தச் சமையல்கட்டுல உப்பு எது சோடா எதுன்னு தெரியலை, ஒரு வழி பண்ணுங்கன்னு. பெரியப்பா விட்டுட்டுப் போன வீடு, ஒரு ஆணி அடிக்க விடமாட்டேன்னீங்க.”

“காலம் மாறுது ரெமே. நாமளும் நாகரிகமா வாழ வேண்டாமா? முதல்ல குளியலறை. பெரிசா, வெளிச்சமா, காத்தோட்டமா. மாடியில தெருப்பக்கம் ஒரு ரூம் இருக்கு பாரு…”

“பால்கனி ரூமா?”

“அப்படியும் சொல்லலாம்.”

“அதைக் குளியலறை ஆக்கணுமா?”

“மிலான்ல எல்லாம் இப்ப அப்படித்தானாம்.”

“மிலான் போயிருக்கீங்களா?”

“பத்திரிகையில படம் போட்டிருந்தான்.”

ரெமேதியோஸ் என்னை மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்தாள். பிறகு கீழிருந்து மேலாக. சந்தையில் மீன் வாங்கும்போது செவுளைத் திருப்பிப் பார்ப்பாளே, அதே பார்வை. எதிர்ப்பாள், அழுவாள், அண்ணனைக் கூப்பிடுவாள் என்று நான் பதினாறு பதில்கள் தயாராக வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை.

“சரி,” என்றாள்.

“சரியா?”

“குளியலறை உங்க இஷ்டம். மத்த வீடு என் இஷ்டம். சம்மதமா?”

சம்மதமாவாம்! அந்தக் கணத்தில் அவள் கிணற்றைப் பிறந்த வீட்டுக்கு எடுத்துப்போகிறேன் என்றாலும் சம்மதித்திருப்பேன். காகிதத்தில் எழுதிக் கையெழுத்துக் கேட்டாள். சிரித்துக்கொண்டே போட்டேன். பாவம், பெண்களுக்குத் தொலைநோக்கு கிடையாது என்று அப்போது நினைத்தேன். அந்த வரியை நீங்கள் படித்ததாக வெளியே சொல்ல வேண்டாம்.

பழைய நகரத்தில் ஒரு செங்கல்லை உருவ வேண்டுமென்றாலும் நகராட்சியின் பாரம்பரியப் பிரிவிலிருந்து ஆள் வந்து பார்க்க வேண்டும். ஒரு பெண் அதிகாரி வந்தார். கையில் ஒரு பட்டியல்.

“முகப்பு தொடக்கூடாது. பால்கனி தொடக்கூடாது. முற்றம், தூண், கிணறு, மாடிப்படி, பூ ஓடு எதையும் தொடக்கூடாது.”

“நாங்க வீட்டுக்குள்ள வரலாமா மேடம்?” என்று கேட்டேன்.

“செருப்பைக் கழட்டிட்டு வரலாம்,” என்றார். அவருக்கும் நகைச்சுவை உண்டு என்று நினைத்தேன். இல்லை, முற்றத்துத் தரை ஓடும் பட்டியலில் இருந்தது.

உள்சுவர்களை மாற்றலாம், அறைகளை எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று அனுமதித்தார். ஆனால் பால்கனிக் கதவின் பழைய கண்ணாடியை மாற்றக்கூடாது. மங்கல் கண்ணாடி போடக்கூடாது. திரைகூட வெளியே தெரியக்கூடாது.

“அப்ப குளிக்கிறது தெருவுக்குத் தெரியுமே மேடம்?”

“மரச் சட்டம் போட்ட மறைப்பு இருக்கே. மூடிக்கிட்டுக் குளிங்க.”

ஆக, பத்திரிகைப் படத்தில் வெயிலில் மிதந்த குளியலறை எனக்குக் கும்மிருட்டில் கிடைக்கப்போகிறது. போகட்டும். நான் அதைக் கட்டுவது குளிக்கவா?

மேஸ்திரி பார்த்தலோ வந்தார். செவீயாவில் பாதி வீடுகளை இடித்தவர், மீதியைக் கட்டியவர். என் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார்.

“ஐயா, இதென்ன, பால்கனிக்கு நேரா ஒரு நாற்காலி வரைஞ்சிருக்கீங்க?”

“நாற்காலிதான்.”

“குளியலறையிலயா?”

“குளிச்சுக் களைச்சா உட்கார வேண்டாமா?”

“சரி. ஆனா ஒரு சிக்கல். சாக்கடைக் குழாய் பின்பக்கம் இருக்கு. முகப்புல குழாய் விட அந்தம்மா சம்மதிக்க மாட்டாங்க. தண்ணி முன்னாலேர்ந்து பின்னாலே ஓடணும்னா சரிவு வேணும். கழிப்பறைப் பீங்கானை உயர்த்தித்தான் வைக்கணும்.”

“எவ்வளவு?”

“மூணு படி.”

“வேற இடம்?”

“வேற இடமே இல்லீங்க. நட்டநடுச் சுவர்ல, பால்கனியப் பாத்தாப்பல. மூணு படி ஏறி உட்காரணும்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “ராஜா மாதிரி,” என்றார்.

ரெமேதியோஸ் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “பால்கனியப் பாத்தாப்பலயா? நல்லாக் கேட்டுக்கிட்டீங்களா? இதுக்கும் சம்மதமா?” என்று என்னை இரண்டு தடவை கேட்டாள்.

“ஏன், உனக்கு என்ன?”

“எனக்கு ஒண்ணுமில்லை. உங்க குளியலறை. மேஸ்திரி, ஐயா சொன்னபடியே வச்சிடுங்க. நல்லா உயரமா. பளபளன்னு வெள்ளையா.”

அன்று சாயங்காலமே அவள் தன் கணக்கில் இறங்கினாள். பின்கட்டில் எனக்கு ஒரு அறை இருந்தது. பழைய ரேடியோக்களைச் சேர்த்துவைத்துப் பிரித்து மாட்டிக்கொண்டிருப்பேன். அறுபத்தேழு ரேடியோ, அவற்றில் பாடுவது நாலு. அந்த அறையையும் இருட்டுச் சமையலறையையும் நடுச்சுவரைத் தட்டி ஒன்றாக்கி, பெரிய சமையல் கூடமாக்க வேண்டும் என்றாள்.

“என் ரேடியோ?”

“கையெழுத்து.”

கொடுத்தேன். மதியம் நான் தூங்கும் அறை மூத்தவளுக்குப் போனது. என் புத்தக அறை இளையவளுக்குப் போனது. சாய்வு நாற்காலியை மேஸ்திரி சாந்துச் சட்டி வைக்கக் கேட்டார், அதுவும் போனது. மாடிப்படிக்கு அடியில் இருந்த பழைய குளியலறை சாமான் அறையாகிவிட, வீட்டுக்கே குளியலறை என்று மிஞ்சியது என்னுடையது ஒன்றுதான். ஒவ்வொன்று போகும்போதும் நான் உள்ளுக்குள் சிரித்தேன். கோட்டையே கையில் இருக்கும்போது கொட்டகை போனால் என்ன?

“இன்னொண்ணு,” என்றாள். “பின்சுவர்ல மூணு ஜன்னல் இருந்திருக்கு. யாரோ செங்கல் வச்சு அடைச்சிருக்காங்க. அதைத் திறக்கணும். அந்த அதிகாரி அம்மாவே சொன்னாங்க, பழையபடி திறந்தா ரொம்ப நல்லதுன்னு.”

“பின்னால கழுதைச் சந்து ரெமே! குப்பை வண்டி போற சந்து. அதைப் பாத்து மூணு ஜன்னலா?”

“காத்து வரட்டுமே.”

“ஒண்ணு போதாதா?”

“மூணு. தரையிலேர்ந்து, ஆளுயரத்துக்கு.”

குப்பை வண்டியை ஆளுயர ஜன்னலில் நின்று ரசிக்க ஆசைப்படும் ஒருத்தியோடு எப்படி வாதாடுவது? மனதார விட்டுக்கொடுத்தேன். விட்டுக்கொடுப்பதுதான் இல்லறம் என்று பார்த்தலோவிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அனுதாபம் இருந்தது. வெயிலில் கண்ணைச் சுருக்குகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

எட்டு மாதம் இடித்தார்கள், கட்டினார்கள். தவக்காலம் தொடங்கும்போது வீடு முடிந்தது. என் வாயால் சொல்லக்கூடாது, ஆனால் வீடு அழகாகிவிட்டது. பெண்கள் இரண்டு பேரும் தனித்தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, சுவர் வழியாகச் சண்டை போட்டார்கள். சமையல் கூடத்தில் வெயில் தரையெல்லாம் ஓடியது. என் குளியலறை இருட்டில், மூன்று படி மேலே, பலிபீடம்போல் ஜொலித்தது.

திறப்பு விழாபோல் மனைவி வீட்டார் பார்க்க வந்தார்கள். பால்கனி அறைக் கதவைத் திறந்து காட்டினேன். ஃபெர்மின் மச்சான் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“இது… நம்ம ரூம் இல்லையா?”

“உங்க ரூமா?” என்றேன் தேன் ஒழுக.

“மாதா திரும்பற ரூம்!”

“ஆமா மச்சான். என்ன பண்றது, குழாய் வேற எங்கயும் போகலை. உங்க தங்கச்சியும் சம்மதிச்சுட்டா.”

அவர் பால்கனியைப் பார்த்தார். மூன்று படி மேலே இருந்ததைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவில் விரலால் ஆகாயத்தில் ஒரு நேர்க்கோடு இழுத்தார். முகம் வெளுத்துவிட்டது. எங்கார்னா சித்தி சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு ஃபெர்மினும் ரெமேதியோஸும் சமையல் கூடத்துக்குப் போய் அரைமணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். மச்சான் தோல்வி தாங்காமல் தங்கையிடம் அழுகிறார் என்று நினைத்து, நான் முற்றத்தில் ஒரு சின்ன நடனம் ஆடினேன். வெறுங்காலோடுதான், ஓடு பட்டியலில் இருக்கிறதே.

பெரிய வாரத்துக்குப் பத்து நாள் முன்னால் ரெமேதியோஸ் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். சகோதர சபை வருஷாவருஷம் அச்சடிப்பது. சப்பரம் எத்தனை மணிக்கு எந்தத் தெருவில் என்று போட்டிருக்கும்.

“படிச்சுப் பாருங்க.”

“அறுபது வருஷமா அதே வழி, அதே நேரம். அதுல படிக்க என்ன இருக்கு?”

“நான் கொடுத்துட்டேன். அப்புறம் சொல்லலைன்னு சொல்லக்கூடாது.”

“சொல்லமாட்டேன் தாயே.”

எனக்கு அப்போது பெரிய கவலை வேறு இருந்தது. நாற்காலி ஆடிக்கொண்டிருந்தது. தாளை எட்டாக மடித்துக் காலுக்கு அடியில் வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

பெரிய வியாழன் வந்தது. இருபத்தாறு பேரும் வழக்கம்போல் குருத்தோலை ஞாயிறன்றே வந்திறங்கியிருந்தார்கள். ரெமேதியோஸ் அந்த நாளின் வழக்கப்படி கறுப்பு உடை உடுத்தி, தலையில் உயரச் சீப்பு செருகி, கறுப்பு லேஸ் முக்காடு போட்டு, அதற்கு மேல் சமையல் ஏப்ரன் கட்டியிருந்தாள். மூன்று மணிக்கு நான் வயிற்றைப் பிடித்தேன்.

“என்னங்க?”

“ஒரு மாதிரியா இருக்கு ரெமே. கொண்டைக்கடலை ஒத்துக்கலை போல. நான் கொஞ்ச நேரம்… உள்ளே…”

“போங்க, போங்க. நிதானமா இருங்க. யாரும் கதவைத் தட்டமாட்டாங்க. அண்ணா, உங்க மாப்பிள்ளைக்கு வயித்துக்கு ஆகலையாம், யாரும் அந்தப் பக்கம் போகாதீங்க!”

“ஐயோ பாவம்,” என்றார் ஃபெர்மின். இருபத்தாறு பேரும் எனக்காக வருத்தப்பட்டார்கள். எங்கார்னா சித்தி எலுமிச்சை இலைக் கஷாயம் போட்டுத் தரவா என்றாள். மனசு கொஞ்சம் உறுத்தியது. தாழ்ப்பாளைப் போட்டதும் உறுத்தல் நின்றுவிட்டது.

மறைப்பைத் திறந்தேன். பால்கனியில் வெயில் கொட்டியது. நாற்காலியைப் போட்டேன். முன்கூட்டியே துண்டுக்கடியில் ஒளித்துவைத்திருந்த ரொட்டி வறுவல் ஆறு, ஒரு பாட்டில் வெள்ளை ஒயின், ஒரு கூடை ரோஜா இதழ். கூடை என் மடியில்! பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, கூடை என் மடியில். என் கண் கலங்கியதை மறைக்கமாட்டேன். எனக்கும் மாதாவுக்கும் நடுவில் இனி ஒரு தலைமுடிகூட இல்லை. ஃபெர்மினிடம் அதுவும் கிடையாது என்பது வேறு விஷயம்.

நாலு மணி. வழக்கமாக இந்நேரம் சந்தில் நாற்காலிச் சண்டை தொடங்கியிருக்கும். ஒருவரையும் காணோம். இந்த வருஷம் ஜனங்கள் தாமதம் என்று நினைத்தேன். ரொட்டி வறுவல் இரண்டு தின்றேன்.

ஐந்து மணி. எதிர்வீட்டுக்காரர் நல்ல உடுப்பில் வெளியே வந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்குப் பின்னால் மூன்று படி மேலே பார்த்தார். தொப்பியைத் தொட்டுவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு போனார். சந்தில் ஒரு பூனை மட்டும் மிச்சம். அதுவும் நடுச்சந்தில் உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குள்ளும் சத்தமில்லை. இருபத்தாறு பேர் இருக்கும் வீட்டில் குளியலறைக் கதவை ஒருவர்கூடத் தட்டவில்லை. கதவை உடைப்பார்கள், கெஞ்சுவார்கள், நான் உள்ளேயிருந்து முனகுவேன் என்றெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். முனகலுக்கு வேலையே வரவில்லை. என் ராஜதந்திரத்தைக் கண்டு மிரண்டுவிட்டார்கள் என்று எண்ணி நாலாவது வறுவலை எடுத்தேன்.

ஐந்தே முக்கால். முரசு கேட்டது.

எழுந்து நின்றேன். கூடையை இடுப்பில் வைத்தேன். சந்தின் கோடியைப் பார்த்தேன். முரசு நெருங்கியது. எக்காளம் கேட்டது. சந்தில் பூனை படுத்துவிட்டது. முரசு இன்னும் நெருங்கியது. எனக்குப் பின்னாலிருந்து.

சத்தம் வீட்டுக்குள்ளிருந்து வருகிறது!

எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. நாற்காலியைப் பிடித்தேன், அது ஆடியது, அடியில் இருந்த தாள் வெளியே வந்தது. எட்டு மடிப்பையும் பிரித்தேன்.

“இவ்வாண்டு மூன்றுகிணற்றுச் சந்தில், சப்பரம் திரும்பும் இடத்தில், மாதாவின் திருமுகத்துக்கு நேராகத் தகாத பொருளொன்று உயர்ந்த பீடத்தில் நிறுவப்பட்டுள்ளமையால், நிர்வாகக் குழு மிகுந்த மனவருத்தத்துடன் பவனியைக் கழுதைச் சந்து வழியாக மாற்றியுள்ளது. சகோதரர் எவாரிஸ்தோ குடும்பத்தார்க்குரிய பாரம்பரிய மரியாதை, அவ்வில்லத்தின் பின்புற ஜன்னல்கள் முன்பாக வழக்கம்போல் நடைபெறும்.”

திரும்பிப் பார்த்தேன். தகாத பொருள் வெள்ளையாகப் பளபளத்தது.

தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு ஓடினேன். நடையெல்லாம் ரோஜா இதழ் கொட்டியது. சமையல் கூடத்துக்குள் நுழைந்தேன். மூன்று ஜன்னலும் விரியத் திறந்திருந்தன. தரையிலிருந்து ஆளுயரம். ஜன்னலுக்கு எட்டு ஒன்பது பேர் தாராளமாக நின்றார்கள், ஒருவரை ஒருவர் இடிக்காமல், மூச்சு விட்டுக்கொண்டு. பால்கனியில் ஐந்து வரிசை நின்ற கூட்டம் இங்கே இரண்டே வரிசையில் அடங்கியிருந்தது. வெளியே மெழுகுவர்த்திச் சுடர்கள் திரும்பிக்கொண்டிருந்தன. எனக்கு முன்னால் தலைகள். அவற்றின் நடுவே பழக்கமான ஒரு மச்சம்.

எட்டிக் குதித்துப் பார்த்தேன். நடு ஜன்னலில், முதல் வரிசையில், தனக்கென்று இரண்டு முழம் இடம் விட்டு, ரெமேதியோஸ் நின்றாள். கறுப்பு முக்காடு, ஏப்ரன், கையில் எண்ணெய் சொட்டும் ஜல்லிக்கரண்டி. அடுப்பு அவளுக்கு நாலடி பின்னால் எரிந்துகொண்டிருந்தது. மாதாவின் முகம் அவளுக்கு நேராக வந்து நின்றது. மூன்று முறை உயர்ந்தது. ரெமேதியோஸ் இதழ் எதுவும் கொட்டவில்லை, கும்பிடவும் இல்லை. பார்த்துக்கொண்டே நின்றாள். கண்ணீர் தாரைதாரையாக ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பதினோரு வருஷம் நான் என் முன்னால் நின்ற தலைகளை எண்ணியிருக்கிறேன். அவற்றில் இவள் தலை ஒரு வருஷம்கூட இருந்ததில்லை. இருபத்தாறு பேருக்கும் எனக்கும் வறுவல் போட்டுக்கொண்டு, முரசுச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு, அந்த இருட்டு மூலையில் நின்றிருக்கிறாள். நான் மச்சத்தையாவது பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள். வெட்கமாக இருந்தது.

சப்பரம் நகர்ந்தது. மெல்ல அவள் பக்கம் போனேன்.

“ரெமே… எல்லாம் முதல்லேயே தெரியுமா உனக்கு?”

“பால்கனி ரூமைக் குளியலறைன்னு சொன்னீங்களே, அன்னைக்கே தெரியும். மாதாவைக் கொண்டுவந்து அதுக்கு முன்னால நிறுத்துவாங்களா எங்கண்ணன்? சப்பரம் சதுக்கத்துக்குப் போக இருக்கிறதே ரெண்டு சந்து, முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு.” முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஒரு நிமிஷம் பயந்தேன், நடுவுல நீங்க புத்தி தெளிஞ்சு மாத்திட்டீங்கன்னா என்ன பண்றதுன்னு. அதான் ரெண்டு தடவை கேட்டேன்.”

“என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே.”

“நீங்க என்கிட்ட நேரா சொன்னீங்களா?”

அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தேன். அவளும் சிரித்தாள். இதுதான் சமயம் என்று குழைந்தேன். “அடுத்த வருஷமாவது, உன் பக்கத்துல, அந்த ரெண்டு முழத்துல, எனக்கு ஒரு ஓரம்…”

கேட்டுக்கொண்டே அவள் அடுப்புப் பக்கம் திரும்பி வறுவலைப் புரட்டினாள். அதற்குள் எங்கார்னா சித்தி ஜன்னலை விட்டு அவசர அவசரமாக வந்து, அவள் காதில் ஏதோ சொன்னாள். மூன்று மணியிலிருந்து அடக்கிக்கொண்டிருந்தவர்கள் இன்னும் ஐந்தாறு பேர் சித்தியின் பின்னால் வரிசையில் நின்றார்கள்.

“அடுத்த வருஷமும் நீங்க பின்னாலதான் நிக்கணுங்க,” என்றாள் என் மனைவி. “குளியலறை காலியான்னு கேக்கறவங்களுக்குப் பதில் சொல்ல ஒரு ஆள் வேணும்.”